15 டன் தாங்கும் பலகை 5 கிலோவில் உரிவது ஏன்?

கார்பன் ஃபைபர் பற்றி இந்தப் பகுதியில் எழுதியதிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன. அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த பொருள் ஏன் அடுக்கடுக்காகப் பிரிகிறது, அதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் அது. பொறியாளர்கள் இதை டீலாமினேஷன் என்பார்கள். நாம் அடுக்குப் பிரிவு என்றே வைத்துக்கொள்வோம். இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: கார்பன் ஃபைபர் எஃகைவிடப் பலமானது என்று எழுதியிருந்தீர்கள். அப்படிப் பலமானது மழையில் நனைந்த பிளைவுட் மாதிரி ஏன் உரிய வேண்டும்? (பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்)

வாழைமட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள் டீச்சர். நீளவாக்கில் இழுத்து அறுக்க முயன்றால் கை சிவந்துபோகும். ஓரத்தில் நகத்தை விட்டுக் கீறினால் நார் நாராகக் கிழிந்து வந்துவிடும். கார்பன் ஃபைபர் பலகையும் இந்த ரகம்தான். ஒரு அடுக்கு சுமார் 0.125 மில்லிமீட்டர், அப்படி 24 அடுக்கு வைத்தால் 3 மில்லிமீட்டர் பலகை. அடுக்குக்குள்ளே நார் இருக்கிறது, ஆனால் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே வெறும் எபாக்சி பசைதான், ஒரு நார்கூடக் குறுக்கே போவதில்லை.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு பட்டை, நார் எல்லாம் நீளவாக்கில். இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் அறுவதற்குக் கிட்டத்தட்ட 150 கிலோநியூட்டன் வேண்டும், அதாவது 15 டன். அதே பட்டையின் நடு அடுக்கில் முனையிலிருந்து 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏற்கெனவே ஒரு பிளவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளவின் இரு உதடுகளையும் மேலும் கீழுமாக விரித்தால் 50 நியூட்டன், அதாவது 5 கிலோ பாரம், போதும். விரிசல் ஓட ஆரம்பித்துவிடும். பலம் என்று ஒரே சொல்லில் இரண்டையும் சொல்லிவிடுகிறோம், எந்தத் திசையில் என்று கேட்காமல் விட்டுவிடுகிறோம், பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

குறுக்கே நூல் விட்டுத் தைத்தால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். தைக்கிறார்கள், மெல்லிய குச்சிகளைக் குத்தியும் இறக்குகிறார்கள், பிரிவு குறைகிறது. ஆனால் ஊசி போகும் இடத்தில் நீளவாக்கு நார்கள் வளைந்தும் அறுந்தும் போகின்றன, அதனால் எல்லா இடத்திலும் தைக்க முடியாது.

கேள்வி: என் புராஜெக்டில் ஓட்டை போட்ட ஒரு லாமினேட்டை (அடுக்குப் பலகையை) ஃபைனைட் எலிமெண்டில், அதாவது சிறுசிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் முறையில், போட்டுப் பார்க்கிறேன். ஓரத்தில் அடுக்குகளுக்கு இடையிலான தகைவு (ஒரு அலகுப் பரப்பில் விழும் விசை), மெஷ்ஷை, அதாவது அந்தத் துண்டுகளை, சிறிதாக்கச் சிறிதாக்க ஏறிக்கொண்டே போகிறது. எந்த எண்ணை நம்பி ‘இங்கே பிரியும்’ என்று எழுதுவது? (எம்.இ. மாணவி, கோவை)

எந்த எண்ணையும் நம்பாதீர்கள் தங்கச்சி. உங்கள் மென்பொருளில் கோளாறு இல்லை, நீங்களும் தப்பு செய்யவில்லை, கேள்விதான் இடம் மாறிவிட்டது. இழுக்கும்போது ஒவ்வொரு அடுக்கும் பக்கவாட்டில் கொஞ்சம் சுருங்கப் பார்க்கும், நார் இழுக்கும் திசையிலேயே இருக்கும் 0 டிகிரி அடுக்கு ஒரு அளவு, குறுக்கே இருக்கும் 90 டிகிரி அடுக்கு வேறொரு அளவு, 45 டிகிரி அடுக்கோ சுருங்குவதோடு சாய்ந்து நெளியவும் பார்க்கும். ஒட்டியிருப்பதால் ஒன்றை ஒன்று விடாமல் பிடித்துக்கொள்கின்றன. நடுவில் இந்த இழுபறி வெளியே தெரியாது. ஓரத்துக்கு வந்ததும் பிடித்துக்கொள்ள அந்தப் பக்கம் ஆளில்லை, பாரம் முழுக்கப் பசை மேல் விழுகிறது. 1970-ல் பைப்ஸ், பகானோ என்ற இருவர் இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார்கள். மீள்தன்மைக் கோட்பாட்டின்படி அந்த ஓரப் புள்ளியில் தகைவுக்கு உச்சவரம்பே கிடையாது, மெஷ் எவ்வளவு சிறிதோ அவ்வளவு பெரிய எண் வரும். தகைவு 60 மெகாபாஸ்கலைத் தாண்டினால் பிரியும் என்று விதி வைத்தால், பிரியுமா பிரியாதா என்பதை முடிவு செய்வது உங்கள் எலிமெண்டின் அளவாகிவிடும்.

இந்தச் சிக்கல் கார்பன் ஃபைபருக்கு முன்பே கண்ணாடியில் வந்தது. கிரிஃபித் என்ற பொறியாளர் 1921-ல் வெளியிட்ட கட்டுரையில் தகைவை விட்டுவிட்டுச் சக்தியைப் பார்த்தார், பிறகு 1950-களில் இர்வின் அதைப் பொறியாளர்கள் கையாளும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். வீட்டு வரவு செலவு மாதிரிதான். விரிசல் ஒரு துளி முன்னேறினால் வளைந்து நிற்கும் பலகையிலிருந்து எவ்வளவு சக்தி விடுபடும், இது வரவு. அந்த ஒரு துளி புதுப் பரப்பைப் பிளக்க எவ்வளவு சக்தி வேண்டும், இது செலவு. வரவு செலவை எட்டிவிட்டால் விரிசல் நகரும், எட்டாவிட்டால் நகராது. மெஷ்ஷைச் சிறிதாக்கினால் தகைவு மாதிரி இது ஓடிப்போகாது, ஒரு இடத்தில் வந்து நிற்கும்.

செலவு எவ்வளவு தெரியுமா? விமானத்துக்குப் பயன்படும் சாதாரண கார்பன்–எபாக்சிக்கு, விரித்துப் பிளக்கும் முறையில் சதுர மீட்டருக்கு 200 முதல் 300 ஜூல். உள்ளங்கை அளவு, சொல்லப்போனால் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர், அடுக்கைப் பிரிக்க இரண்டரை ஜூல் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒரு சாண் உயரம் தூக்கும் உழைப்பு அவ்வளவுதான். இந்த எண்ணை முதல்முதலாகக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று நான் ரொம்ப நேரம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, ‘விரித்துப் பிளக்கும் முறையில்’ என்று சொன்னேன் இல்லையா, அதைக் கவனியுங்கள், ஏனென்றால் பெரும்பாலான புராஜெக்டுகள் சறுக்குவது அங்கேதான். அடுக்கு மூன்று விதமாகப் பிரியும். புத்தகத்தைத் திறப்பதுபோல விரிவது ஒன்று, இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து முன்னும் பின்னும் தேய்ப்பதுபோல வழுக்குவது இரண்டு, காகிதத்தைக் கத்தரியில் வெட்டும்போது நடப்பதுபோலப் பக்கவாட்டில் கிழிவது மூன்று. வழுக்கிப் பிரிவதற்கான செலவு விரிவதைப்போல மூன்று மடங்குகூட ஆகும். நிஜப் பாகத்தில் இவை தனித்தனியாக வருவதில்லை, கலந்துதான் வரும், அந்தக் கலவையின் செலவும் சராசரி கிடையாது. விரிய 240 ஜூல், வழுக்க 750 ஜூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி கலந்தால் 495 என்றுதான் யாருக்கும் தோன்றும். பென்செகாக், கெனான் இருவரும் 1996-ல் கொடுத்த சூத்திரத்தில், அதன் அடுக்குக்குறி (கணக்கில் வரும் எக்ஸ்போனெண்ட், பலகையின் அடுக்கு அல்ல) 2 என்று இருந்தால், வருவது 370-க்குக் கொஞ்சம் கீழே. 495 என்று நம்பி வடிவமைத்தவர் கால் பங்குக்கு மேல் ஏமாந்திருப்பார். அந்த அடுக்குக்குறி ஒவ்வொரு பொருளுக்கும் வேறு, சோதனை செய்துதான் எடுக்க வேண்டும், யாரோ ஒருவருடைய கட்டுரையிலிருந்து வேறொரு பொருளின் எண்ணை எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இனி கருவி. ரிபிக்கி, கான்னினென் 1977-ல் கொடுத்த வி.சி.சி.டி. (விர்ச்சுவல் கிராக் குளோஷர் டெக்னிக்) என்ற முறையில், விரிசல் முனையில் இருக்கும் நோடின் (துண்டுகள் சந்திக்கும் புள்ளியின்) விசையையும், அதற்குச் சற்றுப் பின்னால் பிளவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் பெருக்கி, புதுப் பரப்பின் இரு மடங்கால் வகுத்தால் வரவு கிடைத்துவிடும். எளிமையானது, ஆனால் விரிசல் எங்கே என்று முதலிலேயே நீங்கள் சொல்ல வேண்டும். விரிசலே இல்லாத இடத்தில் விரிசல் பிறக்குமா என்று அதனிடம் கேட்க முடியாது.

இன்னொன்று கோஹெசிவ் எலிமெண்ட். பாரன்பிளாட், டக்டேல் ஆகியோர் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சொன்ன கருத்திலிருந்து வளர்ந்தது. அடுக்குகளுக்கு நடுவே ஒரு பசை விதியை வைக்கிறோம்: இழுக்க இழுக்கத் தாங்கும் தகைவு ஏறும், 60 மெகாபாஸ்கலில் உச்சம், அப்புறம் தளர்ந்து தளர்ந்து சுழியாகும். அந்த முக்கோணத்தின் பரப்புதான் செலவு. உச்சம் 60, செலவு 240 ஜூல் என்றால் இரண்டு உதடுகளும் முழுசாகக் கைவிடும் இடைவெளி 8 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம். விரிசல் பிறப்பதையும் இது சொல்லும், வளர்வதையும் சொல்லும். அதற்கான விலை கணினி நேரம். விரிசல் முனைக்கு முன்னால் பசை தளரும் பகுதி இப்படிப்பட்ட பொருளில் அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும், அதற்குள் மூன்று எலிமெண்டாவது வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பலகையில் 0.2 மில்லிமீட்டர் மெஷ் என்றால் ஒரே ஒரு இடைத்தளத்துக்கு 2.5 கோடி எலிமெண்ட், 24 அடுக்குக்கு 23 இடைத்தளம். டியூரான், டாவிலா, கமான்யோ, கோஸ்டா ஆகிய நால்வர் 2007-ல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: செலவை அப்படியே வைத்துக்கொண்டு உச்சத் தகைவை மட்டும் குறைத்தால் தளரும் பகுதி நீளும், பெரிய மெஷ் போதும். ஏற்கெனவே உள்ள விரிசல் வளர்வதைச் சொல்ல இது நன்றாக வேலை செய்கிறது. விரிசல் எப்போது பிறக்கும் என்பதைச் சொல்லும் திறன் மங்கிப்போகிறது, அதை மறந்துவிடக் கூடாது.

உங்களுக்கு என் யோசனை: ஓட்டையின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் விரிசலை நீங்களே வைத்து வி.சி.சி.டி.யில் வரவைக் கணக்கிடுங்கள். 2 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் என்று நீட்டி ஒரு வரைபடம் போடுங்கள். அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பார்த்தாலே விரிசல் ஓடுமா நிற்குமா என்று தெரிந்துவிடும். கோஹெசிவுக்கு அதன் பிறகு போகலாம்.

கேள்வி: இந்த 240 ஜூலை எப்படி அளக்கிறார்கள்? (பாலிடெக்னிக் மாணவர், காரைக்குடி)

சோதனைக்கூடத்தில் நான் அதிக நாள் செய்த வேலையே இதுதான், அதனால் கொஞ்சம் ஆசையோடு சொல்கிறேன். அடுக்குகளை வைக்கும்போதே நடு அடுக்கில் ஒரு முனையில் 13 மைக்ரானுக்கு மேல் போகாத டெஃப்லான் தாளை வைத்துவிடுவோம். அது ஒட்டாது, அதுவே தொடக்க விரிசல். சுட்டு எடுத்த பலகையை 25 மில்லிமீட்டர் பட்டைகளாக அறுத்து, பிளவு உள்ள முனையில் மேலே ஒன்று கீழே ஒன்றாகப் பியானோ கீல் ஒட்டுவோம், பீரோக் கதவில் இருக்குமே அந்த மாதிரி நீளக் கீல். பிறகு பட்டையின் பக்கவாட்டு விளிம்பில், டைப் அடித்த தவற்றை அழிக்கப் பயன்படுத்துவோமே, அந்த வெள்ளைத் திரவத்தை மெல்லிசாகப் பூசிக் காயவிட வேண்டும். டெஃப்லான் முடியும் இடத்திலிருந்து முதல் 5 மில்லிமீட்டருக்கு மில்லிமீட்டருக்கு ஒரு கோடு, அதற்குப் பிறகு 5 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு.

இயந்திரம் நிமிடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் வேகத்தில் கீல்களைப் பிரிக்கும். முதலில் ஒன்றும் நடக்காது, திரையில் சுமைக்கோடு நேராக ஏறும், நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு இமைக்காமல் இருக்க வேண்டும். திடீரென்று ‘டிக்’ என்று மெல்லிய சத்தம், வெள்ளைப் பூச்சில் முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு முதல் குறியைத் தாண்டியிருக்கும். அந்தக் கணத்தின் சுமை 50 நியூட்டன், திறப்பு 4 மில்லிமீட்டர், விரிசல் நீளம் 50 மில்லிமீட்டர், அகலம் 25 என்றால்: மூன்றைச் சுமையாலும் திறப்பாலும் பெருக்கி, அகலத்தையும் நீளத்தையும் பெருக்கியதன் இரு மடங்கால் வகுத்தால், மில்லிமீட்டரையெல்லாம் மீட்டராக மாற்றிப் போட்டால், சதுர மீட்டருக்கு 240 ஜூல். நுட்பமான திருத்தங்கள் உண்டு, அடிப்படை இதுதான்.

இரண்டு எச்சரிக்கை. கீல் ஒட்டும் இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நன்றாகத் துடையுங்கள், அச்சிலிருந்து வந்த மெழுகு ஒட்டியிருந்தால் பட்டை பிளப்பதற்கு முன் கீல் கழன்று வரும், ஒரு முறை எனக்கு ஒரு நாள் பட்டைகள் முழுக்க அப்படிப் போயின. அடுத்தது இன்னும் முக்கியம். எல்லா நாரும் ஒரே திசையில் இருக்கும் பட்டையில் விரிசல் ஓட ஓட, நார்கள் இரண்டு பக்கத்தையும் பாலம் போட்டதுபோலப் பிடித்துக்கொள்ளும், எண் ஏறிக்கொண்டே போகும். நுண்ணோக்கியில் பார்த்தால் சிலந்தி நூல் மாதிரி தெரியும், அழகாகவே இருக்கும். ஆனால் 0-வும் 45-ம் சேரும் நிஜப் பாகத்தில் அந்தப் பாலம் அதே மாதிரி வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பெரிய எண் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படாமல், விரிசல் முதலில் நகர்ந்த கணத்தின் எண்ணையே கணக்கில் போடுங்கள்.

கேள்வி: விமானத்தின் இறக்கையில் ஸ்பேனர் விழுந்தால் வெளியே தெரியாமல் உள்ளே பிரிந்துவிடும் என்கிறார்களே, அப்படியானால் எப்படிப் பயமில்லாமல் ஏறுவது? (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், திருச்சி)

ஐயா, நீங்கள் கேள்விப்பட்டது நிஜம். உலோகத்தில் அடி விழுந்தால் பள்ளம் விழும், பார்த்தாலே தெரியும். கார்பன் பலகை வளைந்து நிமிர்ந்துவிடும், மேலே ஒரு சின்னத் தழும்புகூட இருக்காது, உள்ளே போகப் போக ஒவ்வொரு இடைத்தளத்திலும் பிரிவு அகன்றுகொண்டே போயிருக்கும். ஒரு கிலோ ஸ்பேனர் 2 மீட்டரிலிருந்து விழுந்தால் 20 ஜூல். உள்ளங்கைக்கு இரண்டரை ஜூல் என்று மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த 20-ல் பெரும்பகுதி அதிர்விலும் துள்ளலிலும் போய்விடும், மிச்சமே தொல்லை கொடுக்கப் போதும்.

பிரிந்த பலகையை இழுத்தால் பெரிதாகக் கெடுதல் இல்லை. அமுக்கினால்தான் ஆபத்து. ஒரு அட்டையை விளிம்பில் நிறுத்தி மேலிருந்து அழுத்துங்கள், தாங்கும். அதையே இரண்டு மெல்லிய அட்டையாக உரித்து அழுத்துங்கள், உடனே மடங்கும். தடிமன் பாதியானால் மடங்கும் தகைவு நாலில் ஒன்றாகிவிடும். மடங்கிய அடுக்கு பிரிவின் ஓரத்தை நெம்பும், பிரிவு இன்னும் வளரும். இப்படி அடிபட்ட பலகை, அமுக்கும்போது தாங்கும் பலத்தில் பாதியைக்கூட இழந்துவிடலாம்.

இப்போது பயத்தைப் போக்கும் பகுதி. போயிங் 787 விமானத்தின் எடையில் பாதி, ஏர்பஸ் ஏ350-ன் எடையில் பாதிக்குச் சற்று மேல் இந்தப் பொருள்தான், அவற்றை வடிவமைப்பவர்கள் இப்படி அடிபட்டிருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அடி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், இருந்தாலும் முழு வடிவமைப்புச் சுமையைத் தாங்க வேண்டும் என்பது விதி. சோதனைப் பாகத்தில் வேண்டுமென்றே அடித்துவிட்டு, அப்புறம் சுமை ஏற்றிக் காட்ட வேண்டும். பராமரிப்பில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கிறார்கள். அதோடு நாணயத்தால் தட்டிக் காது கொடுத்துக் கேட்கும் பழைய முறையும் இன்னும் இருக்கிறது. சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவோமே, அதேதான். நல்ல இடம் கணீரென்று பேசும், பிரிந்த இடம் மந்தமாகப் பேசும். மெல்லிய பலகையில் மேலாக உள்ள பிரிவை இது பிடித்துவிடும், ஆழத்தில் உள்ளதைப் பிடிக்காது.

கேள்வி: ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். இறக்கையின் பின் ஓரத்தில் பிளவு வருகிறது. இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்று சொல்ல முடியுமா? (தொழில்நுட்பப் பணியாளர், நாகர்கோவில்)

மாதக் கணக்கில் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள் தம்பி. நிமிடத்துக்கு 15 சுற்று, நிற்காமல் சுற்றினால் 20 வருடத்தில் 15 கோடிச் சுற்றுக்கு மேல், ஒவ்வொரு சுற்றிலும் இறக்கையின் எடையே அதை ஒரு தடவை இந்தப் பக்கமும் ஒரு தடவை அந்தப் பக்கமும் வளைக்கிறது, போதாததற்குக் கணவாய்க் காற்றின் வீச்சு வேறு. உலோகத்தில் சுமை 10 சதவீதம் ஏறினால் விரிசல் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும், பொதுவாக அப்படித்தான். அடுக்குப் பிரிவில் வேகம் வரவுச் சக்தியைப் பொறுத்தது, அந்தச் சக்தியோ சுமையின் இருமடியாக ஏறும்; சக்திக்கான அடுக்குக்குறி 6 என்று வைத்துக்கொண்டாலே அதே 10 சதவீதத்துக்கு வேகம் மூன்று மடங்கு. காற்று எவ்வளவு வீசும் என்பதில் 10 சதவீதம் தவறுவது சாதாரணம், அதற்கு மேல் கட்டிய மாதக் கணக்கு எப்படி நிற்கும்? அதனால்தான் இந்தத் துறையில், பிரிவு எவ்வளவு வேகமாக வளரும் என்று கணக்கிடுவதைவிட, வளரவே வளராத அளவுக்கு வரவைக் கீழே வைத்திரு என்பதையே பெரும்பாலும் விதியாக வைத்துக்கொள்கிறார்கள்.

பின் ஓரத்தில் இரண்டு ஓடுகளைச் சேர்ப்பது பசைதான். பிளவின் இரண்டு முனையிலும் தேதியோடு கோடு போட்டுப் புகைப்படம் எடுங்கள். அடுத்த முறை ஏறும்போது கோட்டைத் தாண்டியிருந்தால், ஒரு சென்டிமீட்டராக இருந்தாலும், நிறுத்திச் சரிசெய்யச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். வேர்ப் பக்கத்தில், அதாவது இறக்கை நடு அச்சோடு சேரும் அடிப்பகுதியில், நார்த்துணி சுருங்கி அலையாக இருந்தால் அதையும் விடாதீர்கள், பிரிவு அங்கிருந்தும் பிறக்கும்.

கேள்வி: அடுக்குப் பிரிவால் ஒரு ராக்கெட் திட்டமே நின்றதாமே? (வாசகர், மதுரை)

நாசாவின் எக்ஸ்–33, மறுபடி மறுபடி பறக்கக்கூடிய விண்கலத்துக்கான சோதனை வண்டி. 1999 நவம்பரில் அதன் திரவ ஹைட்ரஜன் தொட்டியை மார்ஷல் மையத்தில் சோதித்தார்கள். இரண்டு கார்பன் தோல், நடுவே தேன்கூடு. மைனஸ் 253 டிகிரிக் குளிரில் உள்தோலில் நுண்விரிசல்கள் விழுந்து ஹைட்ரஜன் தேன்கூட்டுக்குள் நுழைந்தது. தொட்டியைக் காலி செய்து அது சூடேறும்போது உள்ளே சிக்கிய வாயு விரிந்து தோலை உரித்துத் தள்ளிவிட்டது. 2001-ல் திட்டம் கைவிடப்பட்டது, இந்தத் தோல்வி அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. தோலும் தாங்கும் தேன்கூடும் தாங்கும் என்று தனித்தனியாகப் பார்த்தால் இது தெரியாது, கசிந்த வாயு இடைத்தளத்தை உள்ளிருந்து நெம்பும் என்பதையும் சேர்த்துக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

கேள்வி: ஃபைபர் படகில் ஓட்டை விழுந்த இடத்தில் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) வைத்து ரெசின் பூசி அடைத்தோம். இரண்டு மாதத்தில் ஒட்டுப் போட்டது அப்படியே தட்டு மாதிரி கழன்று வந்துவிட்டது. ரெசின் மட்டமா? (மீனவர், நாகப்பட்டினம்)

ரெசினைக் குறை சொல்வதற்கு முன் ஒட்டின் ஓரத்தைப் பாருங்கள் அண்ணே. தடிமனாக வைத்துச் சடாரென்று முடித்திருந்தால், படகு அலையில் வளையும்போது அந்த ஓரம் வளைய மறுத்து மேலே எழும்பும், மேலே சொன்ன கீல் சோதனை உங்கள் படகிலேயே நடக்கும். ஓட்டையைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும், பலகையின் தடிமன் ஒரு பங்கு என்றால் சரிவு 12 பங்காவது நீள வேண்டும். 6 மில்லிமீட்டர் பலகைக்கு ஓட்டையைச் சுற்றி நாலா பக்கமும் 7 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்தச் சரிவில் மேட்டை ஒன்றைவிட ஒன்று அளவு மாற்றி அடுக்கினால் ஓரம் கூர்மையாக முடியாது, பாரம் மெதுவாகக் கைமாறும்.

தேய்ப்பதற்கு முன் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, உள்ளே ஊறிய ஈரம் போகும்வரை வெயிலில் காயவிடுங்கள், ஒரு நாள் போதாது. பழைய பெயிண்ட், ஜெல்கோட் (படகின் வெளிப்பூச்சு) எல்லாம் போய் வெள்ளையாக நார் தெரியும்வரை தேய்க்க வேண்டும், தேய்த்த இடத்தில் கை வைக்காதீர்கள், கையில் மீன் எண்ணெய் இருக்கும். முடிந்தால் பாலியெஸ்டருக்குப் பதில் எபாக்சி ரெசின் வாங்குங்கள், விலை கூடுதல்தான், ஆனால் பழைய பரப்பில் பிடிப்பு நன்றாக இருக்கும். எபாக்சி வாங்கினால் அதோடு சேரும் மேட்டா என்று கடையில் கேளுங்கள், சாதா மேட்டில் உள்ள பசை எபாக்சியில் சரியாகக் கரையாது, நெய்த துணியே உத்தமம். ஒட்டு காய்ந்ததும் ஒரு ரூபாய்க் காசால் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். எங்கேயாவது சத்தம் மாறினால் அந்த இடத்தைக் கடலுக்குப் போகும் முன்பே பிரித்து மறுபடி ஒட்டிவிடுங்கள்.